வைன் பழக: முதலில் நாக்கு, பிறகு லேபிள்

பாரிஸ் உணவகமொன்றில் கோப்பை கழுவப் போய்த்தான் எனக்கு வைன் பிடிபட்டது. அதனால் நாக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். சுழற்ற இடம் வேண்டும். அப்போதுதான் மணம் எழும்பும். நனைந்த காட்போட் பெட்டி மணம் அடித்தால் தக்கை கெடுத்த போத்தல். கூச்சப்படாமல் திருப்பிக் கொடுங்கள்.

பிறகு ஒரு மிடறு. உடனே விழுங்காமல் வாய்க்குள் உருட்டுங்கள். எச்சில் ஊறினால் அது புளிப்பு. சாயம் கூடின வெறுந்தேத்தண்ணி குடித்ததுபோல முரசு (பல் ஈறு) இறுகினால் அது டானின், திராட்சைத் தோலும் விதையும் தருகிற துவர்ப்பு. சிவப்பு வைனின் நிறமும் தோலிலிருந்துதான். கறுப்புத் திராட்சையின் சாறு பெரும்பாலும் நிறமற்றது. (பினோ நுவார் என்ற கறுப்புத் திராட்சையில் வெளிர்நிற ஷாம்பெயினே செய்கிறார்களே!)

பிரெஞ்சு லேபிளில் அநேகமாக ஊர்ப்பெயர்தான் இருக்கும், திராட்சையின் பெயர் இராது. சிவப்பில் இரண்டை மட்டும் ஞாபகம் வையுங்கள்: பொர்தோ என்றால் பெரும்பாலும் மெர்லோவும் கபர்னே சொவின்யோனும் கலந்தது, பூர்கோன் என்றால் பினோ நுவார். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள். முன்னது முரசைப் பிடிக்கும், பின்னது மெல்லிசாக இறங்கும்.

கோடையில் சிவப்பையும் 20 நிமிடம் பிரிட்ஜில் வைக்கலாம். சூடேறினால் சாராய நெடிதான் முன்னுக்கு நிற்கும்.