ரோபோ போட்டிக்குப் போகும் அணி: தூக்கம், சாப்பாடு, தண்ணீர் கணக்கு

முதல் தடவை போட்டிக்கு வரும் அணியை பிட்டுக்குள் நுழைந்ததுமே கண்டுபிடித்துவிடலாம். (பிட் என்பது ஒவ்வோர் அணிக்கும் ஒதுக்கும் மேசையும் அதைச் சுற்றியுள்ள கொஞ்ச இடமும்.) ரோபோ ஜம்மென்று நிற்கும். அதை ஓட்ட வேண்டியவர்களோ கண் சிவந்து, காலையில் வெறும் காபியோடு வந்து, பதினொரு மணிக்கே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பள்ளி மாணவர்களுக்கான ரோபோ போட்டிகளில் ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்சோ ஃபர்ஸ்ட் லெகோ லீகோ, ஒரு மேட்ச் இரண்டரை நிமிடம்தான். தூக்கம் போதாத கை அதற்குள் செய்கிற தவறை எந்த மோட்டாரும் ஈடுகட்டாது.

நேரத்துக்குச் சாப்பிடு, சீக்கிரம் தூங்கு என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். நடக்காமல் போவதற்குக் காரணம், அந்த வேலை யார் பட்டியலிலும் இல்லை. அதனால் இங்கே அறிவுரையைக் குறைத்துக்கொண்டு யார், எப்போது, எவ்வளவு என்ற கணக்கைத் தருகிறோம். பத்துப் பேர் கொண்ட பள்ளி அணி, சென்னையில் கிண்டிப் பக்கம் இரண்டு நாள் போட்டி என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்

அணியில் ஒரு மாணவர் உடம்புப் பொறுப்பாளர், துணைக்கு ஒரு பெற்றோர் அல்லது ஆசிரியர். டிரைவரும் (ரோபோவை ஓட்டுபவர்) கோடு (ரோபோவுக்கான கணினி நிரல்) எழுதுபவரும் இந்த வேலைக்கு வேண்டாம். அவர்களைத்தான் இவர் கவனிக்க வேண்டும். தண்ணீர், சாப்பாட்டு நேரம், மருந்துப் பெட்டி, வேலையை நிறுத்தும் நேரம் நான்கும் இவர் கையில். நிறுத்தும் நேரம் ஆனால் லேப்டாப்பை மூடச் சொல்லும் அதிகாரம் இவருக்கு உண்டு என்று முதல் கூட்டத்திலேயே எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். போட்டிக்கு முதல் நாள் இரவு அந்த அதிகாரத்தைக் கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

படி 2: தூக்கத்தைப் பின்னோக்கி எண்ணுங்கள்

13 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. எட்டையே எடுத்துக்கொள்வோம். காலை 8 மணிக்குக் கிண்டியில் இருக்க வேண்டும், பிள்ளையின் வீடு ஆவடி. மூட்டை முடிச்சோடு 6.15-க்காவது கிளம்ப வேண்டும். எழுவது 5.15. அப்படியென்றால் படுப்பது முந்தின இரவு 9.15. இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குள். ஆக, பள்ளி லேபைப் பூட்டுவது மாலை 6 மணி, தள்ளிப்போனாலும் 6.30. அணியிலேயே தூரத்து வீடு யாருடையதோ, அவரை வைத்து இந்தக் கணக்கைப் போடுங்கள். பக்கத்துத் தெரு வேளச்சேரிப் பையனை வைத்துப் போட்டால் ஆவடிப் பிள்ளை நான்கு மணி நேரம்தான் தூங்கும்.

தினமும் 11.45-க்குப் படுக்கிறவர் ஒரே இரவில் 9.15-க்குப் படுத்தால் தூக்கம் வராது. விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பார், பதற்றம்தான் கூடும். நாளுக்கு அரை மணி வீதம் முன்னால் கொண்டுவாருங்கள். இரண்டரை மணி நேரத்துக்கு ஐந்து இரவு. தடங்கலுக்கு இரண்டு நாள் சேர்த்து, போட்டிக்கு ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும்.

இங்கே பலர் தடுக்கிவிழும் இடம், படுக்கும் நேரத்தை முதலில் மாற்ற முயல்வது. எழும் நேரத்தை முதலில் மாற்றுங்கள். எழுந்ததும் மொட்டை மாடியில் 15, 20 நிமிடம் வெளிச்சத்தில் நடங்கள். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் உடம்பின் கடிகாரம் முன்னால் நகரும். ஜனவரியில் சென்னையில் சூரியன் உதிக்கவே ஆறரை ஆகிறது. அதுவரை வீட்டு விளக்கையெல்லாம் போட்டுவையுங்கள். மாலையில் தூங்கி விழுந்தாலும் குட்டித் தூக்கம் வேண்டாம்.

காபி, டீ? உடம்பில் போன கஃபீன் பாதியாகக் குறைய ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். நான்கு மணிக்குக் குடித்த ஃபில்டர் காபியில் பாதி, ஒன்பது மணிக்குப் படுக்கும்போதும் விழித்திருக்கும். பகல் 2 மணிக்கு மேல் வேண்டாம். எனர்ஜி டிரிங்க் அறவே வேண்டாம். குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று அந்தக் கேனிலேயே அச்சிட்டிருக்கிறது, யாரும் படிப்பதில்லை.

படி 3: பேட்டரியை முன்பே முடியுங்கள்

நள்ளிரவு விழிப்புக்குக் கோடு எழுதும் வேலையைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். கொஞ்சம் கூர்ந்து பார்த்தால், பல அணிகளில் யாரோ ஒருவர் சார்ஜருக்குக் காவல் இருந்துகொண்டிருப்பார். கணக்கைப் பாருங்கள். 3000 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர் மணி) பேட்டரி, 1.5 ஆம்பியர் சார்ஜர். கணக்குப்படி இரண்டு மணி. இழப்பையும் சேர்த்தால் இரண்டே கால். நான்கு பேட்டரிக்கு ஒரே சார்ஜர் என்றால் ஒன்பது மணி நேரம். மாலை ஆறுக்கு முடிய வேண்டுமானால் காலை ஒன்பதுக்கே முதல் பேட்டரியைச் செருக வேண்டும். இரண்டாவது சார்ஜர் வாங்கினால் நாலரை மணி நேரமாகக் குறைகிறது. எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கண்ணில் படுகிற கூடுதல் சென்சாருக்குப் போகும் பணத்தை இதற்குப் போடுங்கள். அணியில் ஒருவருக்கு ஓர் இரவுத் தூக்கம் கிடைக்கும்.

லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி பயன்படுத்தும் போட்டி என்றால் இன்னும் கண்டிப்பு தேவை. ஆளில்லாமலோ எல்லோரும் தூங்கும்போதோ சார்ஜ் போடவே கூடாது. ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டோடு நிறுத்த வேண்டும். உப்பிய பேட்டரியைத் தொடர்ந்து பயன்படுத்தினால் தீப்பிடிக்கலாம், ஒதுக்கி வையுங்கள்.

லேபைப் பூட்டும் நேரமே கோடு எழுதுவதை நிறுத்தும் நேரமும். அதற்குப் பிறகு அனுமதி மூன்றுக்குத்தான்: ஸ்க்ரூ இறுக்குவது, பெட்டி அடுக்குவது, கோடின் கடைசியாக ஓடிய பிரதியைப் பென்டிரைவில் ஏற்றுவது. இரவு பதினொரு மணிக்கு ஒரு வரி மாற்றினால் அதை ஃபீல்டில் (ரோபோ ஓடும் களத்தில்) ஓட்டிப் பார்க்க முடியாது. மறுநாள் முதல் மேட்ச்தான் அதற்குச் சோதனை ஓட்டம்.

படி 4: ஒரு பிளாஸ்டிக் பெட்டி

டூல் பாக்ஸோடு கலக்காமல் தனியாக வையுங்கள். பத்துப் பேருக்கு, இரண்டு நாளுக்கு:

- ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட் 10
- பாதுகாப்புக் கண்ணாடி ஆளுக்கொன்று, பெயர் ஒட்டியது
- நுரை காதடைப்பான் 20 ஜோடி
- திரவ சோப்பு ஒரு பாட்டில், சிறு துண்டு ஆளுக்கொன்று
- ஸ்பூன் 10
- பேண்ட் எய்ட் 20, காஸ் துணி, ரோலர் பேண்டேஜ், டிஜிட்டல் தெர்மாமீட்டர்
- நாப்கின் ஒரு பாக்கெட், கேட்காமலே எடுத்துக்கொள்ளும் இடத்தில்
- கொசு விரட்டும் க்ரீம்

இதோடு ஒரு ஃபைல்: ஒவ்வொருவரின் அலர்ஜி, ஆஸ்துமா, வழக்கமான மருந்து, பெற்றோரின் எண். மாத்திரை கொடுப்பதற்குப் பெற்றோரின் எழுத்துச் சம்மதமும் அதிலேயே. இன்ஹேலர் பெட்டியில் வேண்டாம், உரியவர் பையிலேயே இருக்கட்டும்.

ஓ.ஆர்.எஸ். விஷயத்தில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. முதலாவது, பெரிய பாக்கெட்டைக் கையிலிருக்கும் அரை லிட்டர் பாட்டிலில் கொட்டுவது. உப்பின் அடர்த்தி இரட்டிப்பாகித் தாகம் அடங்காது, வாந்தியும் வரலாம். பெரிய பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர், சின்னதுக்கு 200 மில்லி. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. இரண்டாவது, அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானத்தை ஓ.ஆர்.எஸ். என்று நம்பி வாங்குவது. உலகச் சுகாதார அமைப்பின் வாய்ப்பாட்டில் இல்லாத பானங்கள் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2025 அக்டோபரில் தடுத்தது இதனால்தான். மருந்துக் கடையில் பொடியாக வாங்குங்கள்.

படி 5: போட்டி நாள் சாப்பாடு

காலையில் மூன்று, நான்கு இட்லி, சாம்பார். நெய் மிதக்கும் பொங்கலும் இரண்டு வடையும் அருமைதான்; போட்டி முடிந்த மறுநாள் சாப்பிடுங்கள். கொழுப்பு மெதுவாகத்தான் செரிக்கும், முதல் மேட்ச் நேரத்தில் கண் சொருகும்.

மதியத்துக்கு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வருவதே நல்லது. எலுமிச்சை சாதமும் புளியோதரையும் புளிப்பினால் தாங்கும். வறுத்த வேர்க்கடலை தாராளமாகப் போடுங்கள். தயிர் சாதம் என்றால் பாலை நிறைய ஊற்றி ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் சேர்த்துப் பிசைந்தால் மதியம் பதமாக இருக்கும். காலையிலேயே முழுத் தயிரில் பிசைந்தால் ஒரு மணிக்குப் பல் கூசும். எதுவானாலும் சாதம் அன்று காலை வடித்ததாக இருக்கட்டும். இரவு வடித்து வெளியே வைத்த சாதத்தில் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சு சூடு செய்தாலும் போகாது. தாம்பாளத்தில் பரப்பி ஆறவைத்துக் கட்டுங்கள், சூட்டோடு மூடினால் வியர்த்து நீர் கோத்துக்கொள்ளும். பக்கத்தில் சுண்டல், தேங்காய் போடாமல்.

எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாம் என்று காத்திருந்தால் யாரும் சாப்பிடமாட்டார்கள், அதற்குள் மேட்சுக்கு அழைப்பு வரும். 11.45-க்கு ஐந்து பேர், 12.30-க்கு ஐந்து பேர். மேட்ச் அட்டவணை ஒட்டியிருக்கும் அதே தாளில் இதையும் எழுதுங்கள். டிரைவர் மேட்சுக்கு முக்கால் மணி முன்னால் சாப்பிட்டு முடிக்கட்டும். இடையில் பசித்தால் வாழைப்பழம், கடலை மிட்டாய்.

தண்ணீர் மணிக்கு ஒரு டம்ளர், ஏறக்குறைய 250 மில்லி. வெளியே வெயிலில் வரிசை நின்றால் இரண்டு. பத்துப் பேருக்கு எட்டு மணி நேரத்துக்கு 20 லிட்டர், அதாவது சரியாக ஒரு கேன். சென்னைப் புழுக்கத்தில் வியர்வை உலராது, அதனால் உடம்பும் குளிராது. மே மாதப் போட்டியில் பிட்டுக்கு ஒரு மேசை மின்விசிறி அவசியம். கழிப்பறை சரியில்லை என்று தண்ணீர் குடிக்காமலே நாளைக் கடத்துகிறவர்கள் உண்டு, முக்கியமாகப் பெண் பிள்ளைகள். தலைவலியும் சிறுநீர்த் தொற்றும் அங்கேதான் தொடங்குகின்றன. போனதும் நல்ல கழிப்பறை எங்கே என்று பார்த்துவந்து எல்லோருக்கும் சொல்வது உடம்புப் பொறுப்பாளரின் முதல் வேலை.

படி 6: கை, கண், காது

நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். ஈயம் கலந்த சால்டரை (மின் இணைப்புகளை உருக்கி ஒட்டும் உலோகக் கம்பி) தொட்ட கையோடு சாதம் பிசைந்தால் ஈயம் நேரே வயிற்றுக்குத்தான். சானிடைசர் கிருமியைக் கொல்லும், ஈயத்தை அகற்றாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வழி. தண்ணீர்க் குழாய் தூரமென்றால் அதற்குத்தான் ஸ்பூன். சால்டரிங் புகையை முகத்துக்கு நேரே இழுக்காதீர்கள். சால்டரோடு சேரும் ஃப்ளக்ஸ் என்ற பசையின் புகை ஆஸ்துமாவைக் கிளப்பும். சிறு விசிறியைப் பக்கவாட்டில், காற்றைத் தன் பக்கம் இழுக்கும்படி வையுங்கள். சால்டர் வைக்கும் இணைப்பை நோக்கி ஊதினால் சால்டர் சரியாக உருகாது.

பாதுகாப்புக் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போடுவதும் ஒரே துண்டில் முகம் துடைப்பதும் மெட்ராஸ் ஐக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது. ஒருவருக்குக் கண் சிவந்து பீளை கட்டினால் அவர் வீட்டில் இருக்கட்டும். அவர் தொட்ட கன்ட்ரோலரை, விசைப்பலகையைத் துடையுங்கள்.

அரங்கில் ஒலிபெருக்கி நாள் முழுக்க அலறும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம்தான் எல்லை. 3 டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகும். காதடைப்பானைச் சுருட்டி, மறு கையால் காதை மேல்நோக்கி இழுத்து, உள்ளே விட்டு 30 விநாடி பிடியுங்கள். சும்மா செருகினால் பயனில்லை.

சால்டரிங் அயர்ன் சுட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். பற்பசை, இங்க், எண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம். பெரிய தீக்காயத்துக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தனிப் பிரிவு இருக்கிறது. அலுமினியத் தூள் கண்ணில் விழுந்தால் கசக்காமல் கழுவுங்கள். போகவில்லையென்றால் கண் டாக்டர். 1819-இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது.

படி 7: நடு இரவைத் தவிர்க்கும் மாலை

மதியம் ஒன்றிலிருந்து மூன்றுக்குள் இடைவெளி கிடைத்தால் 20 நிமிடம் கண் மூடலாம், அலாரம் வைத்து. அரை மணிக்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்தில் எழுப்ப நேரும். அந்த மந்தம் மேட்ச் வரை தொடரும்.

முதல் நாள் முடிந்ததும் பதினைந்து நிமிடக் கூட்டம். பழுது எத்தனை இருந்தாலும் மூன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். மறுநாள் காலை ஃபீல்டில் சோதித்துப் பார்க்க முடியாத எதுவும் அந்த மூன்றில் வரக் கூடாது. பேட்டரியை அரங்கிலேயே ஏற்றத் தொடங்கிவிடுங்கள்.

எப்போது போட்டியை விட்டுவிட வேண்டும்? உடம்பு கொதித்து, பேச்சு குழறி, ஆளை அடையாளம் தெரியாமல் விழித்தால் வெப்பத் தாக்கு. நிழலில் கிடத்தி, ஈரத் துணி போட்டு விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் டெங்குப் பரிசோதனை. அது தெளியும்வரை பாரசிட்டமால் மட்டும். ஐபுபுரூஃபனும் ஆஸ்பிரினும் ரத்தக்கசிவைக் கூட்டும்.

வீடு திரும்பியதும் பகலில் அடித்துப்போட்டதுபோல் தூங்காமல் இரவு ஒரு மணி நேரம் முன்னதாகப் படுங்கள். மறுநாள் கண்ணாடிகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். லிப்போவை ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி எடுத்துவையுங்கள். பெட்டியில் தீர்ந்ததை எழுதி, ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டின் காலாவதித் தேதியை மூடியில் ஒட்டிவிடுங்கள்.