டிக் டாக் டோவில் ஒரு புது மாற்றம்: பழைய குறி மறையும் ஆட்டம்

டிக் டாக் டோ கம்ப்யூட்டருக்குப் புதிதல்ல. 1952-லேயே கேம்பிரிட்ஜில் எட்சாக் கணினிக்காக ஏ. எஸ். டக்ளஸ் அதை எழுதிவிட்டார். ஆனால் இருவரும் விவரமானவர்கள் என்றால் ஆட்டம் எப்போதும் டிராதான். இங்கே அதற்கு வழியில்லை: ஒருவருக்கு மூன்று குறிகள் மட்டுமே. நான்காவதை வைத்தால் அவருடைய மிகப் பழைய குறி மறைந்துவிடும். மூன்று கட்டங்களாவது எப்போதும் காலியாக இருக்கும்.

இதை ஸ்கிராட்ச் என்ற புரோகிராமிங் கருவியில் செய்யலாம். இலவசம், பிரௌசரிலேயே ஓடும், கட்டளை பிளாக்குகளை இழுத்துப் போட்டால் போதும்.

முதலில் கட்டங்களுக்கு எண் கொடுப்போம். வரிசையாக 1, 2, 3 என்று வேண்டாம், இப்படி:

8 1 6
3 5 7
4 9 2

நேராக, குறுக்காக, மூலைவிட்டமாக எப்படிக் கூட்டினாலும் 15 வரும். வேறு எந்த மூன்று கட்டங்களைக் கூட்டினாலும் 15 வராது. அதனால் எட்டுக் கோடுகளையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டாம்; ஒரே ஒரு கூட்டல் போதும்.

ஒரு ஸ்பிரைட்டை (திரையில் தோன்றும் உருவம்) உருவாக்கி மூன்று காஸ்ட்யூம் (அதன் தோற்றங்கள்) வரையுங்கள்: வெறும் கட்டம், எக்ஸ், ஓ. 'எண்' என்ற வேரியபிளை (மதிப்பைச் சேமிக்கும் இடம்) இந்த ஸ்பிரைட்டுக்கு மட்டும் என்று தேர்ந்தெடுத்து உருவாக்குங்கள். 'முறை' (யார் ஆட வேண்டும்), 'முடிந்தது' (ஆட்டம் முடிந்ததா) இரண்டும் எல்லா ஸ்பிரைட்டுக்கும் பொது. எக்ஸுக்கும் ஓவுக்கும் தனித்தனி லிஸ்ட் (எண்களை வரிசையாக வைக்கும் பட்டியல்) வேண்டும். பச்சைக் கொடியை அழுத்தியதும் லிஸ்ட்டுகளைக் காலி செய்து, 'முறை', 'முடிந்தது' இரண்டையும் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும் வேலையை ஸ்டேஜிடம் (பின்னணித் திரை) விடுங்கள்.

அப்புறம்தான் முக்கியமான பகுதி. கட்டத்தைக் கிளிக் செய்ததும், ஆட்டம் முடியவில்லை, தன் எண் இரண்டு லிஸ்ட்டிலும் இல்லை என்று முதலில் பார்க்க வேண்டும். சரி என்றால், ஆடுபவரின் லிஸ்ட்டில் ஏற்கெனவே மூன்று எண்கள் உள்ளனவா? முதலாவதை நீக்குங்கள். பிறகு புது எண்ணைக் கடைசியில் சேர்த்து, மூன்றையும் கூட்டுங்கள். 15 என்றால் வெற்றி, இல்லையென்றால் முறையை மாற்றுங்கள். லிஸ்ட்டின் நீளம் 3 தானா என்பதையும் கட்டாயம் சோதியுங்கள். 6-ம் 9-ம் மட்டும் இருந்தாலே 15 வந்துவிடும், இரண்டே குறியில் வெற்றி என்று அறிவித்துவிடும்!

கடைசியாக 'புதுப்பி' என்று ஒரு பிராட்காஸ்ட் (எல்லா ஸ்பிரைட்டுக்கும் போகும் செய்தி). அதைப் பெற்றதும், தன் எண் எந்த லிஸ்ட்டில் இருக்கிறதோ அதற்கேற்ற காஸ்ட்யூமைக் கட்டம் போட்டுக்கொள்ள வேண்டும். எதிலும் இல்லையென்றால் வெறும் கட்டம். அடுத்து மறையப்போகும் குறிக்கு கோஸ்ட் எஃபெக்டை (உருவத்தை மங்கலாக்குவது) 60 வையுங்கள், மற்றவற்றுக்கு 0. இந்த மங்கல் இல்லாவிட்டால் எது பழையது என்று நினைவு வைத்தே தலை சுற்றும்.

எல்லாம் ஓடுகிறதா? இப்போது ஸ்பிரைட்டை எட்டு முறை டூப்ளிகேட் செய்து, ஒவ்வொன்றிலும் எண்ணையும் இடத்தையும் மாற்றுங்கள். இடத்தைக் குறிக்கும் எக்ஸ், ஒய் இரண்டுக்கும் -100, 0, 100 வைத்தால் திரையில் அழகாக உட்காரும்.

ஆடும்போது, எதிராளியிடம் மூன்று குறிகள் இருந்தால், அவருடைய கடைசி இரண்டை மட்டும் பாருங்கள். பழையது எப்படியும் போய்விடும். 15-இலிருந்து அந்த இரண்டின் கூட்டலைக் கழித்தால் அவருக்குத் தேவையான கட்டம் கிடைக்கும்; விடை 1 முதல் 9-க்குள் இல்லையென்றாலோ, அந்த இரண்டில் ஒன்றாகவே வந்தாலோ ஆபத்தில்லை. உதாரணமாக 1, 5 என்றால் 9. கம்ப்யூட்டரையே எதிராளியாக்க வேண்டுமென்றாலும் இதே கணக்குதான்: முதலில் தன் வெற்றிக் கட்டம், இல்லையென்றால் எதிராளியுடையதைத் தடுப்பது.

ஆனால் அந்த 9-இல் மங்கிப்போன உங்கள் சொந்தக் குறியே இருந்தால் தடுக்கவே முடியாது. நீங்கள் வேறெங்கு ஆடினாலும் அது மறைந்து, எதிராளிக்கு வழி திறந்துவிடும். இந்த இடத்தில்தான் ஆட்டம் சூடு பிடிக்கும்.