பழைய ஸ்லைடுகளில் டயாட்டம் படமெடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூசிலாந்தின் தென் தீவில் உள்ள ஓமரு என்னும் ஊரின் டயாட்டம் (சிலிக்கா ஓடுடைய நுண்பாசி) மண்ணை ஆய்வாளர்களான குரோவும் ஸ்டர்ட்டும் 1886–87ஆம் ஆண்டுகளில் விவரித்து எழுதிய பிறகு, நுண்ணோக்கி ஸ்லைடு தயாரிப்போர் பலர் அதை நாடத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 3.5 கோடி ஆண்டுகள் பழமையான அந்தச் சிலிக்கா ஓடுகள் இன்றும் உறுதியாகவே இருக்கின்றன. அவற்றைத் தாங்கி நிற்கும் பசையும் அரக்கும்தான் தளர்ந்துவிட்டன. புதியவர்கள் செய்யும் பெரிய தவறுகள், நாங்கள் ஒரு காலத்தில் செய்தவையும் சேர்த்து, பெரும்பாலும் இதை மறப்பதால் வருபவை.

கண்டென்சர் (ஸ்லைடுக்கு ஒளியைக் குவிக்கும் பகுதி) துளையை அளவுக்கு மீறிச் சுருக்குவது

ஓட்டின் ஒளிவிலகல் எண் சுமார் 1.43, அதைச் சூழ்ந்துள்ள கனடா பால்சம் என்னும் பிசினின் எண் சுமார் 1.53. வேறுபாடு குறைவு என்பதால் படம் வெளிறித் தெரிகிறது. உடனே துளையைச் சுருக்கினால் விளிம்புகள் கறுத்துத் தெளிவுபோலத் தோன்றும். ஆனால் ஓட்டின் நுண்துளைகள் ஒன்றோடொன்று கலந்துவிடும், இல்லாத கோடுகளும் முளைக்கும். இத்தகைய ஸ்லைடுகளுக்குச் சாய்வொளியே (பக்கவாட்டில் சாய்ந்து விழும் ஒளி) ஏற்றது.

மூடுவில்லையின் தடிமன்

இன்றைய நுண்ணோக்கி வில்லைகள் மூடுவில்லைக்கு (பொருளின் மேல் மூடும் மெல்லிய கண்ணாடி) 0.17 மி.மீ. தடிமனை எதிர்பார்க்கின்றன, பழைய மூடுவில்லைகள் அதற்குக் கட்டுப்பட்டவை அல்ல.

எண்ணெயும் சாராயமும்

இந்தத் தவற்றை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. அடுக்கி ஒட்டிய ஓமரு டயாட்டங்கள் கொண்ட அழகான ஸ்லைடு ஒன்றை ஓர் இளைஞர் என்னிடம் கொண்டுவந்தார். எண்ணெய் மூழ்கு வில்லையால் (மூடுவில்லை மேல் இட்ட எண்ணெய்த் துளியைத் தொட்டபடி பார்க்கும் வில்லை) படமெடுத்து முடித்ததும், புதிய ஸ்லைடுகளைத் துடைக்கும் பழக்கத்தில், சாராயத்தில் நனைத்த தாளால் அதை அழுத்தித் துடைத்திருக்கிறார். அது பால்சம் இல்லாமல் காற்றிலேயே பதிக்கப்பட்டது. மூடுவில்லையைப் பிடித்திருந்தது ஓர் அரக்கு வளையம் மட்டுமே. அரக்கு சாராயத்தில் கரையும். வளையம் இளகி, மூடுவில்லை நகர்ந்து, அதன் அடியில் ஒட்டப்பட்டிருந்த ஓடுகள் நொறுங்கிவிட்டன. நூறாண்டு கடந்த ஒருவரின் கைவேலை அத்துடன் முடிந்தது. சைலீன் என்னும் கரைப்பானைப் பயன்படுத்தினால் இந்த ஆபத்து நீங்கும் என்று சிலர் நம்புகிறார்கள். அது பால்சத்தையே கரைத்துவிடும். வளையத்தில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் எண்ணெய் உள்ளே கசியும், அதன் ஒளிவிலகல் எண் சுமார் 1.515 என்பதால் காற்றில் பளிச்சென்று தெரிந்த ஓடு மங்கிப்போகும். ஆகவே காற்றில் பதித்த ஸ்லைடுக்கு எண்ணெய் வேண்டவே வேண்டாம். பால்சத்தில் பதித்து, வளையமும் முழுமையாக இருந்தால் மட்டும் நடுவில் சிறு துளி இடலாம். பின்னர் வில்லைத்தாளை மேலே வைத்து எண்ணெயை உறிஞ்சி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. மெல்லிய எண்ணெய்ப் படலம் எஞ்சினாலும் வளையத்தைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

ஒரே குவியத்தில் ஒரு படம்

போதாது, குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து இணைக்கவும்.

பெயர்ச்சீட்டு

துடைக்கும் முன்பே பெயர்ச்சீட்டைப் படமெடுங்கள். கையால் எழுதிய மை ஈரத்தில் கரையக்கூடும், மண் எடுத்த இடத்தின் பெயர் பெரும்பாலும் அதில் மட்டுமே இருக்கும்.