வாக்குத்தத்த அட்டை கையில இருக்கு, நிலைமை மாறல... தேவனோட திட்டத்தை எப்படி நம்புறது?

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைல, புது வருஷத்துக்குன்னு ஒரு பைபிள் வசனம் எழுதின வாக்குத்தத்த அட்டை எடுக்கும்போது நிறைய பேர் ஆசைப்படுற வசனம் எரேமியா 29:11, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே". அதை பைபிளுக்குள்ள பத்திரமா வெச்சுட்டு வர்றோம், ஜனவரில நம்ம நீலகிரில இத்தலார், எமரால்டு பக்கம் உறைபனி விழுந்து தேயிலை கருகிப் போகுது, பச்சை இலை ரேட்டும் இறங்கிக் கிடக்கு, சொசைட்டி லோன் அப்படியே நிக்குது, அப்போ "ஆண்டவரே, இதுதானா உங்க திட்டம்"னு மனசு கேக்கத்தான் செய்யும்.

முதல்ல அந்த அதிகாரத்தை முழுசா வாசிங்க. அது பாபிலோனுக்கு சிறைபிடிச்சுட்டுப் போன ஜனங்களுக்கு எரேமியா எழுதின கடிதம். 11க்கு மேல 10வது வசனத்தைப் பாருங்க, 70 வருஷம்னு இருக்கும். அதுக்கு முந்தின அதிகாரத்துல அனனியான்னு ஒருத்தர் ரெண்டே வருஷத்துல எல்லாம் சரியாயிடும்னு சொல்றார், கேக்க நல்லா இருக்கு, ஆனா கர்த்தர் அவரை அனுப்பவே இல்ல. அதனால உங்க கஷ்டத்துக்கு யாராவது தேதி குறிச்சுக் கொடுத்தா அதைப் புடிச்சுத் தொங்காதீங்க, வாக்குக் கொடுத்தவரைப் புடிச்சுக்கோங்க.

அப்புறம் வலியை மறைக்காம ஜெபத்துல சொல்லுங்க. ஸ்தோத்திரம் மட்டும்தான் சொல்லணும், அழுதா விசுவாசக் குறைவுன்னு நம்ம சபைகள்ல ஒரு நினைப்பு இருக்கு, எனக்கு அதுல துளிகூட உடன்பாடு இல்ல. சங்கீதம் 13ஐ எடுங்க, தாவீது ஆரம்பத்துலயே "எதுவரைக்கும்"னு திரும்பத் திரும்ப கேக்குறார், கடைசிலதான் பாட்டுக்கு வர்றார். வாய் வரலன்னா அதையே சத்தமா வாசிங்க, போதும்.

இனி ரொம்ப முக்கியமானது, இன்னிக்கு வேலையை விட்டுடாதீங்க. அதே கடிதத்துல 5வது வசனம் வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்கன்னு சொல்லுது, 7வது வசனம் இருக்கிற ஊருக்காக ஜெபம் பண்ணச் சொல்லுது. பனிக்காலத்துல சாயங்காலமே செடிமேல தழை போட்டு மூடுறதும், கருகின கிளையை வெட்டி விடுறதும், தவணை கட்ட முடியலன்னு நேரா போய்ப் பேசி டைம் கேக்குறதும் நம்பிக்கைக்கு எதிரானது இல்ல, நம்புறவங்க செய்யுற வேலைதான் அது. கூடப்பிறந்தவங்களே குழியில போட்டு வித்துட்ட யோசேப்பைப் பாருங்க, கதை ஆரம்பிக்கும்போது வயசு 17, எகிப்து ராஜா பார்வோன் முன்னால நிக்கும்போது 30. நடுவுல போத்திபார் வீட்டுல அடிமை வேலை, ஜெயில், அங்க உதவி வாங்கிட்டு அவரை மறந்து போன பானபாத்திரக்காரன், அதுக்கப்புறமும் முழுசா ரெண்டு வருஷம். எந்த இடத்துல இருந்தாலும் அந்த இடத்து வேலையை ஒழுங்கா பாத்தார்.

"தேவன் அதை நன்மையாக முடியப்பண்ணினார்"னு ஆதியாகமம் 50:20ல சொன்னதும் அவர்தான், அதுவும் தன் வாழ்க்கையைப் பத்தி, ரொம்ப வருஷம் கழிச்சு. குழிக்குள்ள கிடந்தப்போ யாரும் மேல நின்னு அதை அவருக்கு பிரசங்கம் பண்ணல. அதனால தயவுசெஞ்சு சாவு வீட்டுலயோ, தோட்டம் கருகினவங்ககிட்டயோ "எல்லாம் தேவ திட்டம்"னு உடனே சொல்லிடாதீங்க. பிள்ளைகள், சொத்து எல்லாத்தையும் இழந்த யோபுவோட சிநேகிதர்கள் 7 நாள் தரையில சும்மா கூட உக்காந்திருந்தாங்க, அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்தது, வாயைத் திறந்தப்புறம்தான் கெட்டுச்சு. நீங்க போனா ஒரு பிளாஸ்க்ல டீ எடுத்துட்டுப் போங்க, இலை எடுக்க ஆள் இல்லன்னா மறுநாள் நீங்களே கூட நில்லுங்க, வசனம் அவங்களா கேக்கும்போது சொல்லிக்கலாம்.