கேட்காமல் பின்தொடரும் இணையதளத்தின்மீது சட்டப்படி முறையிடுவது எப்படி?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் தெருவிலேயே வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் குடும்பத்து அக்கா ஒருவர், குழந்தைப்பேறு சிகிச்சைக்காக ஒரு மருத்துவமனையின் இணையதளத்தில் முன்பதிவு செய்து, ஆலோசனைக் கட்டணத்தையும் அங்கேயே செலுத்தினார். இரண்டே நாளில் அவருடைய போன் முழுவதும் அதே சிகிச்சைக்கான விளம்பரங்கள் வரத் தொடங்கின. சமையல் வீடியோ பார்ப்பதற்காகப் போனை வாங்கிய நாத்தனார் அவற்றைப் பார்த்துவிட, வீட்டில் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் அன்று மாலையே எல்லோருக்கும் தெரிந்துபோனது. "நான் யாருகிட்டயும் வாயே தொறக்கல தம்பி, இந்தப் போனுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்டபோது அவர் கண் கலங்கியிருந்தது. அவருக்காக நான் செய்த வேலைகளை, சட்டமோ கணினியோ அதிகம் அறியாதவர்களும் பின்பற்றும்படி வரிசையாக இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன்பே ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பெரும்பாலோர் "எனக்கு இப்படி விளம்பரம் வருகிறது" என்று புகார் எழுதுகிறார்கள். அந்தப் புகார் நிற்காது, ஏனென்றால் ஒரு விளம்பரம் எந்த வழியாக வந்தது என்று நம்மால் நிரூபிக்க முடியாது. நாம் நிரூபிக்க வேண்டியது தகவல் வெளியே போனதை. அதுவும் நாம் சம்மதம் கொடுப்பதற்கு முன்பே போனதை.

முதல் படி: தகவல் வெளியேறுவதைப் பிடித்து வையுங்கள்

இதற்குப் போன் போதாது. மடிக்கணினியோ மேசைக் கணினியோ வேண்டும். குரோம் உலாவியில் கெஸ்ட் சாளரத்தை, அதாவது யாருடைய கணக்கும் சேராத விருந்தினர் சாளரத்தைத் திறந்துகொள்ளுங்கள். பலரும் இன்காக்னிடோ சாளரத்தைப் பயன்படுத்துகிறார்கள், ஆனால் அது மூன்றாம் தரப்புக் குக்கீகளை (நாம் பார்க்கும் தளம் அல்லாத வேறு நிறுவனங்கள் நம்மை அடையாளம் காண நம் உலாவியில் வைக்கும் சிறு குறிப்புகளை) இயல்பாகவே தடுத்துவிடுவதால், சாதாரணமாகத் தளத்துக்குப் போகும் ஒருவருக்கு என்ன நடக்கிறது என்பது அதில் முழுமையாகத் தெரியாது. கெஸ்ட் சாளரத்தில் பழைய குக்கீயும் இருக்காது, விளம்பரத் தடுப்பானும் இருக்காது.

எஃப் 12 விசையை அழுத்தினால் ஒரு பலகை திறக்கும். அதில் 'நெட்வொர்க்' என்ற பகுதிக்குப் போய், 'பிரிசர்வ் லாக்' என்ற கட்டத்தில் டிக் செய்துவிட்டு, அதன் பிறகே தளத்தின் முகவரியைத் தட்டச்சு செய்யுங்கள். குக்கீ அறிவிப்பு வந்தால் ஏற்கவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள். இந்த வழக்கின் உயிரே அந்தத் தொடாத அறிவிப்பில்தான் இருக்கிறது. அறிவிப்பு திரையில் பதில் எதிர்பார்த்து நிற்கும்போதே, கீழேயுள்ள பட்டியலில் வேறு நிறுவனங்களின் முகவரிகளுக்குக் கோரிக்கைகள் (உலாவி தானாகவே அனுப்பும் செய்திகள்) போய்க்கொண்டிருந்தால், சம்மதத்துக்கு முன்பே தகவல் போய்விட்டது என்று பொருள்.

அக்காவின் விஷயத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். துறையைத் தேர்ந்தெடுத்து முன்பதிவுப் பக்கம் திறந்ததும், ஃபேஸ்புக் டாட் காம் என்று தொடங்கி 'டி.ஆர்.' என முடியும் முகவரிக்கு ஒரு கோரிக்கை போனது. அது மெட்டா நிறுவனத்தின் பிக்சல் என்னும் கண்காணிப்புத் துணுக்கு. அந்த வரியைச் சொடுக்கி, அனுப்பிய தகவலைக் காட்டும் 'பேலோடு' பகுதியைப் பார்த்தால், 'டி.எல்.' என்ற எழுத்துகளுக்கு எதிரே நாம் நிற்கும் பக்கத்தின் முழு முகவரியும் இருந்தது. அந்த முகவரிக்குள் குழந்தையின்மைத் துறையின் பெயர் அப்படியே எழுதப்பட்டிருந்தது. பெயரோ வயதோ போகவில்லை என்று நிர்வாகம் வாதாடலாம். ஆனால் அதே கோரிக்கையோடு, உலாவியை அடையாளம் காட்டும் 'எஃப்.பி.பி.' குக்கீயின் எண்ணும் சேர்ந்து போனது. அந்த உலாவியிலிருந்து யாரோ ஒருவர் இந்தச் சிகிச்சையைத் தேடுகிறார் என்பதை அறிய அதுவே போதுமானது.

திரை முழுவதையும், கடிகாரமும் தொடாத குக்கீ அறிவிப்பும் ஒரே படத்தில் தெரியும்படி, ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நெட்வொர்க் பட்டியல் முழுவதையும் 'ஹார்' என்னும் பதிவுக் கோப்பாகச் சேமியுங்கள். புதிய குரோம் பதிப்புகள் குக்கீ விவரங்களை நீக்கிய கோப்பையே இயல்பாகத் தருவதால், 'அப்ளிகேஷன்' பகுதியில் உள்ள குக்கீப் பட்டியலையும் தனியாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தளத்தின் தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தை அன்றைக்கே பி.டி.எஃப். ஆக்கிவிடுங்கள்; புகார் போனதும் முதலில் மாறுவது அந்தப் பக்கம்தான்.

மின்னணுச் சான்றைத் தாக்கல் செய்ய, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பை (கோப்பு பின்னால் மாற்றப்படவில்லை என்று காட்டும், கைரேகை போன்ற குறியீட்டை) குறிப்பிட வேண்டியிருப்பதால், எஸ்.எச்.ஏ.-256 முறையில் வரும் 64 எழுத்து மதிப்பைக் கோப்பைச் சேமித்த அன்றே எடுத்து எழுதி வையுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் சாட்சியச் சட்டம் அவ்வளவு கண்டிப்பாகப் பார்க்கப்படுவதில்லை என்றாலும், இதைச் செய்து வைத்தவருக்குப் பின்னால் தலைவலி இல்லை.

இரண்டாம் படி: எந்தச் சட்டம் இன்று கைகொடுக்கும் என்று பாருங்கள்

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக வந்த மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறினாலும், அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. அந்த அறிவிப்பின்படி, சம்மதம் பற்றிய முக்கியப் பிரிவுகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும். சம்மதம் சுதந்திரமானதாகவும் ஐயத்துக்கு இடமின்றியும் இருக்க வேண்டும், கொடுப்பது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெற முடிய வேண்டும், அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி இருக்க வேண்டும், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் நடத்தையைப் பின்தொடரக் கூடாது என்றெல்லாம் அந்தச் சட்டம் சொல்வது மிகவும் நல்லது. ஆனால் அதன்படி விதிக்கப்படும் அபராதம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு ஒரு ரூபாய்கூட வராது. அதோடு, முழுமையாக நடைமுறைக்கு வரும்போது, இழப்பீடு தரும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் அது நீக்கிவிடும். இதை நான் பெரிய குறையாகவே கருதுகிறேன். மானம் போனது அக்காவுக்கு. அதற்கான தொகை கருவூலத்துக்குப் போவது எந்த வகையில் நியாயம்?

ஆகவே இன்றைக்கு நம் கையில் உள்ளவை பழைய சட்டங்களே. 43ஏ பிரிவின் கீழ் 2011-இல் வந்த விதிகள், உடல்நலம், மருத்துவப் பதிவு, வங்கி விவரம், கடவுச்சொல் போன்றவற்றை உணர்வுமிக்க தகவல் என்று வகைப்படுத்தி, அவற்றைப் பிறருக்குத் தர முன் அனுமதி வேண்டும் என்கின்றன. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, நுகர்வோர் நம்பிக்கையோடு தந்த தகவலைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பிறருக்கு வெளியிடுவதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. அக்காவின் விஷயம் இரண்டிலும் அடங்கும்: தகவல் உடல்நலம் சார்ந்தது, கட்டணமும் செலுத்தியிருக்கிறார். மாறாக, ஏற்காட்டில் தங்கும் விடுதி தேடி நான்கு தளங்களைப் புரட்டிவிட்டு எதையும் பதிவு செய்யாத ஒருவருக்கு இந்த இரண்டுமே பலவீனமானவை. அவர் அடுத்த படியில் சொல்லும் கடிதத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏமாற்றும் வடிவமைப்பால் சம்மதத்தைப் பிடுங்கியிருந்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம்.

மூன்றாம் படி: குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள்

2011 விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர்ப்பு அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் வெளியிட வேண்டும், அவர் ஒரு மாதத்துக்குள் குறையைத் தீர்க்க வேண்டும். மின்னஞ்சலிலும் ஸ்பீடு போஸ்டிலும் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கோபத்தைக் கொட்டாமல், பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்விகளாகக் கேளுங்கள். நான் எழுதியது ஏறத்தாழ இப்படி இருந்தது:

"இன்ன தேதியில், இன்ன நேரத்தில், குக்கீ அறிவிப்புக்கு எந்தப் பதிலும் அளிக்கப்படாத நிலையில், தங்கள் முன்பதிவுப் பக்கத்திலிருந்து துறையின் பெயருடன் கூடிய முகவரி வேறொரு நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டதற்கான சான்றை இணைத்துள்ளேன். என்னைப் பற்றிய எந்தெந்தத் தகவல், யார் யாருக்கு, எந்தத் தேதி முதல் அனுப்பப்பட்டது என்று தெரிவிக்கவும். அதற்கு நான் சம்மதித்ததாகக் கருதினால், அந்தச் சம்மதத்தின் பதிவைக் காட்டவும். 2011 விதிகளின் 5(7) விதியின்படி, எந்தச் சம்மதம் இருந்தாலும் அதை இக்கடிதத்தால் திரும்பப் பெறுகிறேன். அத்தகவலைப் பெற்ற நிறுவனங்களிடமிருந்து அதை நீக்கச் செய்து, அதை எழுத்தில் உறுதிப்படுத்தவும்."

நான்காம் படி: உங்களுக்கு நேர்ந்ததை உங்கள் வார்த்தையில் எழுதுங்கள்

இந்தப் படியைப் பலர் தாண்டிப் போகிறார்கள், அங்கேதான் தோற்கிறார்கள். ஐபோன் பயனர்களின் சஃபாரி உலாவியில் தடுப்பை மீறிக் குக்கீ வைத்ததற்காகக் கூகுள்மீது இங்கிலாந்தில் இரண்டு வழக்குகள் வந்தன. முதலாவதில் மூன்றே பேர் தங்களுக்கு நேர்ந்த மன உளைச்சலை விவரித்து வழக்குத் தொடுத்தார்கள். பண இழப்பு இல்லாவிட்டாலும் இழப்பீடு கோரலாம் என்று 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. இரண்டாவது, நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பாக ஒருவர் தொடுத்தது. ஒவ்வொருவருக்கும் என்ன பாதிப்பு என்று காட்டாமல் எல்லோருக்கும் ஒரே தொகை கேட்க முடியாது என்று 2021 நவம்பர் 10 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நம் 43ஏ பிரிவும், நிறுவனத்தின் கவனக்குறைவையும் அதனால் விளைந்த இழப்பையோ ஆதாயத்தையோ காட்டச் சொல்கிறது. எனவே "என் தனியுரிமை மீறப்பட்டது" என்ற பொதுவான வரி போதாது. எந்த நாளில், யார் போனைப் பார்த்தார், வீட்டில் என்ன பேச்சு வந்தது, சிகிச்சையை எத்தனை வாரம் தள்ளிப்போட்டீர்கள் என்பதைத் தேதி வாரியாக எழுதுங்கள்.

முன்கூட்டியே டிக் போட்ட கட்டம் சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் பிளானட் 49 வழக்கில் 2019 அக்டோபர் 1 அன்று சொன்னதையும், குக்கீயை மறுப்பதை ஏற்பதைவிடக் கடினமாக்கியதற்காக பிரான்ஸின் தரவு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோ அபராதம் விதித்ததாக 2022 ஜனவரியில் அறிவித்ததையும் மனுவில் எடுத்துக்காட்டலாம். இவை நம் ஊர் ஆணையத்தைக் கட்டுப்படுத்தாது. வாதத்துக்கு வலு சேர்க்கும், அவ்வளவே.

ஐந்தாம் படி: மனு

இரண்டு வாசல்கள் உள்ளன. ஐந்து கோடி ரூபாய் வரையிலான 43ஏ கோரிக்கைகளை, மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர் தீர்ப்பு அலுவலராக இருந்து விசாரிப்பார். அதற்குச் சென்னைக்கு மனு செய்ய வேண்டும். கட்டணம் செலுத்தியவருக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையமே எளிது என்பது என் கருத்து. எதிர்த்தரப்பின் அலுவலகம் எங்கே இருந்தாலும், நாம் குடியிருக்கும் சேலத்திலேயே தாக்கல் செய்யலாம். நாம் செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்கு மேற்படாவிட்டால் மனுக் கட்டணம் இல்லை. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் அனுப்பலாம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட்டுவிட வேண்டும்.

அக்காவின் கடிதத்துக்கு 27-ஆம் நாள் பதில் வந்தது. அதே முறையில் கெஸ்ட் சாளரத்தில் மீண்டும் பார்த்தேன். முன்பதிவுப் பக்கத்திலிருந்து அந்தக் கோரிக்கை இப்போது போவதில்லை. ஆனால் யார் யாருக்கு அனுப்பப்பட்டது, பெற்ற நிறுவனங்கள் அதை நீக்கினவா என்ற கேள்விகளுக்குப் பதிலே இல்லை. அதனால் மாவட்ட ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். கோரிக்கைப் பகுதியில் முதல் வரியாகப் பணத்தை எழுத வேண்டாம், அந்தத் தகவலை அழித்ததற்கான சான்றைத் தரச் சொல்லுங்கள் என்று அவரே கேட்டுக்கொண்டதால், அதையே முதலில் வைத்தேன். மனுவை ஏற்பதா என்பதை ஆணையம் வழக்கமாக 21 நாட்களுக்குள் முடிவு செய்யும். ஏற்றுக்கொண்டால் எதிர்த்தரப்பு 30 நாட்களுக்குள், மிஞ்சினால் இன்னும் 15 நாட்களுக்குள், பதில் தந்தாக வேண்டும்.