கர்மாவ முடிக்கறது எப்படி? புத்தர் காட்டின வழி

முதல்ல, போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணோம்னு தோண்டறத விட்டுடுங்க. உடம்ப வருத்தி தவம் இருந்தா பழைய வினை கரைஞ்சுடும்னு சமணத் துறவிகள் சொன்னப்போ புத்தர் அவங்கள கேட்டது, எவ்ளோ தீர்ந்துச்சு எவ்ளோ பாக்கி இருக்குன்னு உங்களுக்கு தெரியுமா? தெரியாதுன்னாங்க. இது புத்தரோட உரைத் தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்துல, தேவதஹ சுத்தாங்கற உரையில இருக்கு.

சம்யுத்த நிகாயம்ங்கற இன்னொரு தொகுப்புல இன்னும் தெளிவா சொல்றார், கண்ணு, காது, மூக்கு, நாக்கு, உடம்பு, மனசு இந்த ஆறும் பழைய கர்மா, அதாவது முன்ன செஞ்சதால வந்தது, இப்ப செய்யறது பேசறது நெனைக்கறது புது கர்மா. நம்ம கை வைக்க முடியறது புதுசுல மட்டும்தான்.

கை வைக்கறதுன்னா எங்க? எண்ணத்துல. யாரோ உங்கள மட்டம் தட்டி மெசேஜ் போடறாங்க, கண்ணு பாக்குது, நெஞ்சு சுருக்குங்குது, அடுத்த செகண்ட் விரல் டைப் அடிக்க ஆரம்பிச்சுடுது. அந்த சுருக்குக்கும் விரலுக்கும் நடுவுல "இவன விடக்கூடாது"ன்னு ஒண்ணு எழும்புதே, கர்மா அங்கதான் உருவாகுது. அதனால சுருக்குன்னு இருக்கும்போதே கவனிங்க, அடக்க வேணாம், இது வலி, இது கோவம்னு பாத்தாலே போதும், அப்புறம் பதில் போடலாமா வேணாமான்னு முடிவு பண்ணுங்க. தன் மகன் ராகுலனுக்கு புத்தர் சொன்னதும் இதான், செய்யறதுக்கு முன்னாடி, செய்யும்போது, செஞ்சப்புறம் மூணு தடவையும் பாரு, எனக்கோ அடுத்தவங்களுக்கோ கெடுதலான்னு. தப்பா செஞ்சோ பேசியோ இருந்தா மறைக்காம நல்ல தெளிவு உள்ள ஒருத்தர்கிட்ட சொல்லிடணும்.

நல்லது மட்டும் பண்ணிட்டே இருந்தா கர்மா முடிஞ்சிடுமான்னா, முடியாது. நல்ல பலனும் பிறவிக்குள்ளயேதான் சுத்த வைக்கும். கெட்டது, நல்லது, ரெண்டும் கலந்தது, இந்த மூணையும் தாண்டி கர்மாவ முடிக்கற கர்மான்னு நாலாவது ஒண்ணு சொல்றார், அது எண்வழிப் பாதை, அதாவது பார்வை, எண்ணம், பேச்சு, செயல், பிழைப்பு, முயற்சி, கவனம், தியானம் எட்டும் சரியா இருக்கறது. இத கேட்டுட்டு தானம், நேர்மைய விட்டுட்டு நேரா தியானத்துக்கு ஓடறாங்க பாருங்க, அது வேலைக்கு ஆகாது, ஏன்னா நல்ல பேச்சும் நல்ல பிழைப்பும் அந்த எட்டுலயே இருக்கு. பேராசை, வெறுப்பு, அறியாமைங்கற மயக்கம் மூணும் வேரோட போகணும், அதுக்கு எட்டும் வேணும்.

பழைய பலன் நடுவுல வரத்தான் செய்யும். முன்னாடி கொலைகாரரா இருந்து துறவியான அங்குலிமாலர், அரஹந்த் (முழு விடுதலை அடைஞ்சவர்) ஆனப்புறமும் சாவத்தி நகரத்துல பிச்சைக்கு போனப்போ கல்லும் தடியும் மேல விழுந்து மண்டை உடைஞ்சு ரத்தம் வழிய, பிச்சைப் பாத்திரம் உடைஞ்சு, போர்வை கிழிஞ்சு வந்து நிக்கறார், தாங்கிக்கோன்னுதான் புத்தர் சொன்னார். அதனால கஷ்டம் வந்தா பயிற்சி பலிக்கலன்னு நெனைக்காதீங்க.

அதே சமயம் வர்ற வலி எல்லாம் கர்மாவும் இல்ல. பித்தம், கபம், வாதம், சீதோஷ்ண மாற்றம், அடி படறதுன்னு வேற காரணங்களையும் மோளியசீவகன்ங்கற துறவிக்கு புத்தரே அடுக்கிருக்கார். நோயில கெடக்கறவங்கள பாத்து "உன் கர்மா"ன்னு தயவுசெஞ்சு சொல்லாதீங்க.