மூட்டுவாதம் உள்ள பிள்ளையின் பல்லைக் காப்பது எப்படி: வைட்டமின் டியும் அதற்கு அப்பாலும்

16 வயதுக்குள் தொடங்கி, 6 வாரங்களுக்குக் குறையாமல் நீடித்து, வேறு காரணம் எதுவும் கண்டறியப்படாத மூட்டழற்சியை மருத்துவர்கள் ஜே.ஐ.ஏ. (ஜுவனைல் இடியோபதிக் ஆர்த்ரைடிஸ்) என்று சீட்டில் எழுதுகிறார்கள். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வீடுகளில் இதற்கு மூட்டுவாதம் என்றே பெயர். முழங்காலும் மணிக்கட்டும் வீங்கி நிற்கும்போது பல்லைப் பற்றி யாரும் நினைப்பதில்லை; நினைக்கிற சிலரும், இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைவு என்று வந்ததும் அதற்கான பொடியைக் கொடுத்துவிட்டால் எலும்போடு பல்லும் தேறிவிடும் என்று இருந்துவிடுகிறார்கள். அந்தப் பொடி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை முதலில் தெரிந்துகொண்டால்தான் மற்ற வேலைகளுக்கு உரிய இடம் கிடைக்கும்.

நாம் உண்ணும் சுண்ணாம்புச்சத்தைக் குடல் உறிஞ்சுவதற்கு வைட்டமின் டி வேண்டும். பல் உருவாகும் பருவத்தில் அது மிகவும் குறைந்தால், பல்லின் கடினமான மேலுறையான எனாமல் மெலிந்தோ குழிந்தோ அமையலாம். ஆனால், கடைவாயின் ஞானப்பல்லைத் தவிர மற்ற நிலைப்பற்களின் எனாமல் ஏறக்குறைய 8 வயதுக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது. 10 வயதுப் பிள்ளைக்கு இன்று கொடுக்கும் வைட்டமின் டி, உருவாகி முடிந்த எனாமலைத் திருத்தாது; விழுந்த சொத்தையை அடைக்கவும் செய்யாது. பல்லைத் தாங்கும் தாடை எலும்புக்கும், ஈறின் எதிர்ப்புச் சக்திக்கும் அது எந்த வயதிலும் தேவை. ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் எடுக்கும் பிள்ளைக்கு எலும்பு மெலியும் அபாயம் கூடுதல் என்பதால், அளவு குறையாமல் பார்த்துக்கொள்வது இன்னும் முக்கியமாகிறது.

பரிசோதனைச் சீட்டில் 25 ஹைட்ராக்சி வைட்டமின் டி என்ற வரியைப் பாருங்கள். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் பின்பற்றும் அளவுகோலில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்கு மேல் இருந்தால் போதுமானது. 12 முதல் 20 வரை போதாமை. 12க்குக் கீழ் குறைபாடு. பெரியவர்களுக்கு 30க்கு மேல் வேண்டும் என்று அச்சிட்டிருக்கும் ஆய்வகச் சீட்டைப் பார்த்துத் தாமாக மருந்து வாங்குவது தவறு. மருந்துக்கடையில் கிடைக்கும் 60,000 யூனிட் பாக்கெட்டை மருத்துவர் வாரம் ஒன்று என்று எழுதியிருந்தால் அது வாரம் ஒன்றுதான். தினம் ஒன்று என்று கொடுத்துவிட்டால் இரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து ஏறி, வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம் என்று தொடங்கிச் சிறுநீரகம் வரை பாதிக்கும். மூட்டழற்சியை அடக்கக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டும் இதே போல வாரம் ஒரு முறை கொடுக்கும் மருந்து. அதைத் தவறித் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. வாரம் ஒரு முறை கொடுக்கும் இந்த இரண்டு மருந்துகளும் ஒரே வீட்டில் இருப்பதால், எது எந்தக் கிழமை என்பதைச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் முன்கூட்டியே குறித்து, கொடுத்ததும் கையோடு டிக் அடிப்பது நல்லது. வரவு செலவை ஓர் அணா விடாமல் எழுதிவைத்த ஊர் நம்முடையது. இந்தக் கணக்கையும் எழுதுவதில் சிரமம் இருக்காது. வைட்டமின் டி கொழுப்பில் கரைவது என்பதால் வெறும் வயிற்றில் கொடுக்காமல், நெய்யோ பாலோ சேர்ந்த உணவோடு கொடுக்க வேண்டும்.

வெயில் இருக்கும்போது மருந்து எதற்கு என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வைட்டமின் டியை உண்டாக்கும் புறஊதாக் கதிர், நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக விழும் முற்பகல், நண்பகல் நேரத்தில்தான் போதுமான அளவு வருகிறது. அந்த நேரத்தில் பிள்ளை பள்ளியில் இருக்கும். சன்னல் கண்ணாடி வழியாக அந்தக் கதிர் ஏறக்குறைய வருவதேயில்லை. கருத்த தோலுக்குக் கூடுதல் நேரமும் வேண்டும். விடுமுறை நாளில் வளவு வாசலில், கையும் காலும் திறந்திருக்கச் சிறிது நேரம் விளையாட விடலாம். ஆனால் மெத்தோட்ரெக்சேட், வலி மருந்தான நேப்ராக்சன் போன்ற மருந்துகளால் சில பிள்ளைகளின் தோல் வெயிலுக்கு எளிதில் சிவந்து புண்ணாகிவிடும் என்பதால், எவ்வளவு நேரம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். உணவில் தொண்டிப் பக்கமிருந்து வரும் மத்தி மீனும், முட்டையின் மஞ்சள் கருவும் ஓரளவு வைட்டமின் டி தரும். கேழ்வரகும் பாலும் தருவது சுண்ணாம்புச்சத்து; அதையும் வைட்டமின் டியையும் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது.

மூட்டுவாதப் பிள்ளைக்குப் பல் கெடும் வழி பெரும்பாலும் கையிலும் தாடையிலும்தான் தொடங்குகிறது. விரல் மூட்டு வீங்கிய பிள்ளையால் மெல்லிய பிரஷ் காம்பை இறுகப் பிடிக்க முடியாது. காலையில் எழுந்ததும் மூட்டு விறைத்திருக்கும் நேரத்தில் பல் துலக்கச் சொல்லி அதட்டினால், இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு வாயைக் கொப்பளித்துவிடும். சைக்கிள் கைப்பிடியின் ரப்பர் உறையைக் காம்பில் மாட்டியோ, துணியைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டோ காம்பைப் பருமனாக்கிக் கொடுங்கள். மென்மையான இழையும் சிறிய தலையும் உள்ள பிரஷ் வேண்டும். வசதி இருந்தால் பேட்டரி பிரஷ் கையின் வேலையைக் குறைக்கும். காலையில் வெதுவெதுப்பான நீரில் கையை நனைத்து விறைப்புத் தளர்ந்த பிறகு துலக்கட்டும். இரவுத் துலக்கலை ஒருநாளும் விடக் கூடாது. 3 வயதுக்கு மேல் பட்டாணி அளவு ஃபுளூரைடு பற்பசை, 2 நிமிடம். கை வலிக்கும் நாளில் அம்மாவோ அப்பத்தாவோ துலக்கிவிடலாம், பிள்ளைக்கு 12 வயதானாலும் அதில் வெட்கம் ஒன்றுமில்லை. வேப்பங்குச்சியும் செங்கற்பொடியும் இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

காதுக்கு முன்னால் உள்ள தாடை மூட்டையும் இந்த நோய் தாக்கும். வலி இல்லாமலே தாக்கும் என்பதுதான் கவலைக்குரியது. மாதம் ஒரு முறை கண்ணாடி முன் நிறுத்தி வாயை அகலத் திறக்கச் சொல்லுங்கள். பிள்ளையின் சொந்த விரல்கள் மூன்றை அடுக்கி வைக்க இடமில்லாமல் போனாலோ, திறக்கும்போது கீழ்த்தாடை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனாலோ, முகவாய் உள்வாங்கியதாகத் தோன்றினாலோ, மூட்டு மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும். தாடை வலிக்கும் நாள்களில் சீப்புச் சீடையையும் மாவுருண்டையையும் டப்பாவிலேயே வைத்துவிட்டு, இட்லியோ வெள்ளைப் பணியாரமோ கொடுக்கலாம். கும்மாயம் மென்மையானதுதான் என்றாலும், கருப்பட்டியோடு பல்லிடுக்கில் ஒட்டிக்கொள்ளும். இனிப்பை அறவே நிறுத்துவது நம் ஊரில் நடக்காத காரியம். இடைப்பலகாரத்தோடு ஒரே வேளையாகக் கொடுத்து, உடனே வாயைக் கொப்பளிக்கச் செய்தால் போதும். நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் இனிப்பு ஊறுவதே சொத்தைக்கு அதிகம் இடம் கொடுக்கிறது. இனிப்புச் சிரப்பாகக் கொடுக்கும் வலி மருந்தும் இந்தக் கணக்கில் சேரும். இரவில் கொடுத்தால், கொடுத்த பிறகு துலக்க வேண்டும்.

மெத்தோட்ரெக்சேட் எடுக்கும் பிள்ளைக்கு வாய்ப்புண் வந்தால், வெறும் சூடு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த மருந்தின் பக்கவிளைவைக் குறைக்கக் கூடவே கொடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று அவர் பார்ப்பார். காய்ச்சலும் சேர்ந்து வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பல் மருத்துவரை 6 மாதத்துக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும். சொத்தை அடிக்கடி விழும் பிள்ளைக்கு 3 மாதத்துக்கு ஒரு முறை. விறைப்பு விட்ட முற்பகல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். வாயை நெடுநேரம் திறந்திருக்க முடியாது, இடையிடையே ஓய்வு வேண்டும் என்பதை நாற்காலியில் ஏற்றும் முன்பே சொல்லிவிட வேண்டும். மருந்துகளின் பெயரும் அளவும், கடைசியாக ஊசி போட்ட தேதியும், வைட்டமின் டி சீட்டும் ஒரே உறையில் இருக்கட்டும். ஸ்டீராய்டோ, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் ஊசியோ போய்க்கொண்டிருந்தால், பல்லைப் பிடுங்கும் முன் பல் மருத்துவரும் மூட்டு மருத்துவரும் ஒரு முறை தொலைபேசியில் பேசிக்கொள்ளும்படி கேளுங்கள்.